உறையாமல் நின்ற நடுத்தண்ணீர்

நான் வேலை பார்த்த ஐஸ் ஃபாக்டரியில் அமோனியா மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது மாதிரி கேஸில் ஓடும் மெஷின் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர். பழைய ஆட்களில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் உயிரோடு இருக்கிறேன் என்று இப்போதைய சூப்பர்வைசர் வீடு தேடி வந்தார். புது கேஸில் வாசனையே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் காலத்தில் ஃபாக்டரிக்குள் வாசனை மட்டும்தான் இருந்தது; அதை முகர மூக்குதான் இல்லை என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிப் பார்த்தேன், மிஞ்சிவிட்டது. மலரில் போட மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு கூச்சம் விட்டுப் போய் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

எங்கள் குடும்பம் சேலம் அம்மாப்பேட்டையில் தறி நெய்கிற குடும்பம். எனக்குத் தறிக்குழியில் உட்காரப் பொறுமை கிடையாது. என் மாமன் ஒருவர் ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி ஃபாக்டரியில் எண்ணெய் விடும் ஆளாகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் எண்ணெய் விட்டேன், பெல்ட் ஒட்டினேன், வால்வுக்குக் கயிறு சுற்றினேன். மூன்றாம் வருஷம் டேங்குக்கு மாற்றினார்கள். அதற்குள் என் மூக்கு செத்துவிட்டது. அமோனியா கசியாத நாள் கிடையாது. முதல் மாதம் கண்ணீராகக் கொட்டும், ஆறாம் மாதம் ஒன்றும் தெரியாது, ஒரு வருஷத்தில் மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் ஒன்றாகிவிடும். கல்யாணமான புதிதில் என் மனைவி ரசம் வைத்துவிட்டு வாசனை எப்படி என்று கேட்பாள். நான் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

டேங்க் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கல்யாணக் கூடம் அளவு பெரிய தொட்டி. அதில் கெட்டியான உப்புக் கரைசல். அதற்குள் அமோனியா குழாய்கள் ஓடும். அமோனியா அந்தக் கரைசலைப் பதினாலு டிகிரிக்குக் குளிர வைக்கும். அப்போதெல்லாம் பாரன்ஹீட் கணக்குதான். அதில் தண்ணீர் முப்பத்திரண்டில் உறையும். உப்புக் கரைசல் பதினாலிலும் உறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை வரிசையாக இறக்கி மேலே மரப்பலகை மூடி போடுவோம். பிற்பகல் மூன்று மணிக்கு நிரப்பினால் மறுநாள் மூன்று மணிக்கு ஐஸ்.

இதில் நுட்பமான வேலை ஒன்று உண்டு. டப்பாவில் தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறைந்து வரும். உறையும்போது தண்ணீர் மட்டும் ஐஸாகும். அதில் கலந்திருக்கிற உப்பு, மண், அழுக்கு எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் நடுவில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். அத்தனை கசடும் அதில்தான் இருக்கும். அதற்கு எங்கள் பாஷையில் நடுத்தண்ணீர் என்று பெயர். காலை ஒன்பது மணிக்கு ஒரு குழாயை விட்டுப் பம்பு அடித்து அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதுதான் ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும்.

இந்த ஒன்பது மணியை மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது என்று சொன்னவர் எங்கள் இஞ்சினீயர் வைத்தியநாதன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை. மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் பையில் அவர் தெர்மாமீட்டர் குத்திக்கொண்டிருப்பார். “சில்லுனு இருக்கு சார்” என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தான். சில்லென்றால் எத்தனை என்பார். அவர் வீட்டில் காப்பி நூற்று நாற்பதுக்குக் குறைந்தால் திரும்பி உள்ளே போகும் என்று அவர் வீட்டுச் சமையல்காரர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஐயா வைத்தியநாதன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. யாரையும் அடித்ததோ வைததோ கிடையாது. ஆனால் தப்புச் செய்தவன் முன்னால் வந்து நின்று, “சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை நகராமல் நிற்பார். அதற்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக இருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் எங்களுக்கு வகுப்பு எடுப்பார். யாரும் கேட்கவில்லை, அவராக எடுப்பார். எது எது எத்தனை டிகிரியில் உறையும் என்பதுதான் பாடம். ஒவ்வொரு வாரமும் வீட்டிலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஏதாவது கொண்டு வந்து உப்புக் கரைசலில் தொங்கவிடுவார். தேங்காய் எண்ணெய் எழுபத்தாறிலேயே கெட்டிப்பட்டுவிடும். மார்கழியில் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் விடிகாலையில் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு அது தெரியும். பால் முப்பத்தொன்று. கடல் தண்ணீர் இருபத்தெட்டு. விளக்கெண்ணெய் பதினாலிலும் பாகு மாதிரி கனத்து நின்றதே தவிர உறையவில்லை. மண்ணெண்ணெய் கனக்கக்கூட இல்லை. ஒரு வாரம் அவர் மனைவியின் கூந்தல் தைலத்தைக் கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மாள் ஆள் அனுப்பி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்னும் உறையவில்லை என்று சொல்லித்தான் கொடுத்தனுப்பினார் எங்கள் ஐயா.

பாதரசம் மைனஸ் முப்பத்தெட்டு. அமோனியாவே மைனஸ் நூற்றெட்டில் கல்லாகிவிடும். கரியமில வாயு மைனஸ் நூற்றொன்பது. சுத்தமான சாராயம் மைனஸ் நூற்றெழுபத்துமூன்று. பிராணவாயு மைனஸ் முந்நூற்றறுபத்தொன்று. இதெல்லாம் எங்கள் டேங்கில் நடக்காது. அவர் சொல்ல நாங்கள் ஒப்பிக்க வேண்டியதுதான். நான் நன்றாக ஒப்பிப்பேன். அதனாலேயே அவருக்கு என்மேல் ஒரு பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டேங்கில் என்னோடு வேலை பார்த்தவன் மாரப்பன். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன், என்னைவிட நாலு வயது சின்னவன், பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை. அவனுக்கு எண்கள் நிற்காது. ஆனால் கேள்வி கேட்பான். பிராணவாயு பாடம் நடந்த அன்றைக்கு அவன் எழுந்து நின்றான்.

“ஏனுங்க சாமி, காத்துங்கூட ஒறையுமுங்களா?”

உறையும் என்றார் வைத்தியநாதன்.

“அப்பறம் நாம எதைங்க இழுத்து உடறது?”

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, அவ்வளவு குளிர் வந்தால் மூச்சு விட ஆள் மிஞ்ச மாட்டான், ஆகவே கவலையில்லை என்று விளக்கினார். இன்னொரு சனிக்கிழமை மாரப்பன் வேறொன்று கேட்டான். உப்புத் தண்ணீரை டப்பாவில் ஊற்றினால் தண்ணீர்தான் உறையுமே தவிர உப்பு நடுவுக்குப் போய்விடும் என்கிறீர்களே, உப்புக்கு மட்டும்தானா, எது கலந்திருந்தாலும் அப்படியா? எது கலந்திருந்தாலும் அப்படித்தான் என்றார் அவர். மாரப்பன் உட்கார்ந்துகொண்டான். அதற்கப்புறம் அவன் கேள்வியே கேட்கவில்லை. எங்களுக்கு அது அப்போது விசேஷமாகத் தெரியவில்லை.

மதுவிலக்கு முதன்முதலில் எங்கள் சேலம் ஜில்லாவில்தான் வந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் ஒரே நாளில் மூடிவிட்டார்கள். பனை ஏறுகிறவர்கள் பானைக்குச் சுண்ணாம்பு தடவிப் பதநீர் மட்டும் இறக்கலாம், வெல்லம் காய்ச்சலாம். ஊரெல்லாம் பஜனை. மதுவிலக்குக்கென்று ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல உயரம், பெரிய மீசை, அதற்குமேல் அதைவிடப் பிரசித்தமான மூக்கு. மலையடிவாரத்தில் எருக்குழிக்குள் புதைத்து வைத்திருந்த பானையை ரோட்டில் சைக்கிளில் போகும்போதே மோப்பம் பிடித்தவர் என்று பேர். காற்றடிக்கும் திசையில் நின்று நாலு பக்கமும் தலையைத் திருப்புவார்; எந்தப் பக்கம் திருப்பம் நிற்கிறதோ அந்தப் பக்கத்தில் ஒருவன் ஜெயிலுக்குப் போவான்.

எங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தோம்.

அந்த மாதக் கடைசியில் எங்கள் டேங்க் மேஸ்திரி வயதாகி வேலையை விட்டுப் போவதாக இருந்தார். அடுத்த மேஸ்திரி நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நடந்துகொள்ள ஆரம்பித்திருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டேங்கின் மேல் உலாவுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாரப்பன் ஒரு சாவுக்குப் போக லீவு எடுத்தான். ஒன்பது மணிக்குப் பம்பு போடும் வேலை என் தலையில் விழுந்தது. கடைசி வரிசை மூலையில் பழைய சின்ன டப்பா ஒன்று உண்டு. பம்புக் குழாய் அதுவரைக்கும் எட்டாது. மாரப்பன்தான் தினமும் கைப்பம்பு வைத்து அதைச் செய்வான். நான் ஒரு டப்பாதானே என்று விட்டுவிட்டேன். அது எப்போதும் மேட்டூரிலிருந்து வரும் மீனுக்குப் போடுகிற வண்டியில்தான் போகும் என்பதும் எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு அது செவ்வாய்ப்பேட்டைத் தங்கவேலுவின் சர்பத் கடைக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குத் தங்கவேலு ஃபாக்டரிக்கே வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி பூசிய மனுஷர், அமாவாசை தவறாமல் விரதம் இருக்கிறவர். நேராக இஞ்சினீயரிடம் போய்க் கும்பிட்டார்.

“வெள்ளிக்கிழம அனுப்புனீங்களே ஒரு ஐஸு, அதே மாதிரி தினமும் வேணுங்க. நடுவுல துருவுன மாதிரியே இருந்துச்சு, கொஞ்சம் இனிப்பு வேற. அள்ளி அப்படியே நன்னாரியில போட்டேன். குடிச்சவங்க மூணாந்தரம் நாலாந்தரம் வந்தாங்க. ரெண்டு பேரு கடையிலயே பாடுனாங்க. ஞாயித்துக்கிழம அந்த இன்ஸ்பெக்டர்கூட வந்து கடையில நின்னு அப்படி இப்படித் தலையத் திருப்பிட்டு, இந்த ஐஸு எங்கிருந்து வருதுன்னு கேட்டுட்டுப் போனாரு.”

வைத்தியநாதனின் முகம் கறுத்துவிட்டது. பாடினார்கள் என்பதோ இன்ஸ்பெக்டர் வந்தார் என்பதோ அவர் காதில் விழவேயில்லை. நடுவில் துருவின மாதிரி இருந்தது என்றால் அது முழுதாக உறையவில்லை என்று அர்த்தம். அவருடைய ஃபாக்டரியிலிருந்து உறையாத ஐஸ் வெளியே போயிருக்கிறது. அவர் பத்தொன்பது வருஷம் கட்டிக் காத்த மானம் செவ்வாய்ப்பேட்டையில் நன்னாரியில் கரைந்து போயிருக்கிறது.

“நான் அளக்கிறவரைக்கும் ஒருத்தரும் பம்பைத் தொடக்கூடாது” என்றார்.

அப்போது நான் மாரப்பனைப் பார்த்தேன். அவன் கைப்பம்போடு கடைசி வரிசைக்கு நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். 

ஐயா முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து நடுத்தண்ணீரில் தெர்மாமீட்டரை இறக்கினார். முப்பத்திரண்டு. அடுத்தது முப்பத்திரண்டு. அதுதான் நியாயம், ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கிறவரை அது முப்பத்திரண்டை விட்டு இறங்காது. இப்படியே கடைசி வரிசை மூலைக்கு வந்தார். டப்பாவுக்குள் சுற்றிலும் கையகலத்துக்கு வெள்ளையாக ஐஸ். நடுவில் திரவம் ஆடிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரை விட்டார். எடுத்துப் பார்த்தார். துடைத்து மறுபடி விட்டார்.

பதினெட்டு.

அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. கோயிலில் கற்பூரம் காட்டும்போது சிலர் முகம் ஆகுமே, அப்படி ஆகிவிட்டது. “பதினெட்டில் நிற்கிறது, தண்ணீராகவே நிற்கிறது. ஆகையால் இது தண்ணீர் இல்லை” என்றார். டப்பாவில் ஓட்டை விழுந்து உப்புக் கரைசல் உள்ளே வந்திருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டார். ருசி பார்க்கச் சொல்லி என்னிடம் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தார்.

என் மூக்குதான் செத்ததே தவிர நாக்கு சாகவில்லை. மதுவிலக்குக்கு முன்னால் நான் அப்படி ஒன்றும் யோக்கியனுமில்லை. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. பல் கூசுகிற குளிருக்கு நடுவே ஒரு சூடு தொண்டையில் இறங்கியது. பனங்கள். ஆனால் நான் கண்ட எந்தப் பனங்கள்ளும் இத்தனை காரமாக இருந்ததில்லை.

உப்பு இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அது பொய்யில்லை.

அவர் அன்று முழுக்க அந்த டப்பாவின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணிக்கொரு தரம் அளந்தார். என்னவாக இருக்கும் என்று தமக்குள்ளே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழித்துக்கொண்டே வந்தார். அவர் பிறவியிலேயே கள்ளின் வாசனை அறியாதவர். அறிந்திருந்தாலும் அவர் மூக்குக்கும் என் மூக்குக்கும் ஒரே கதிதான்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். நாளைப் பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஃபாக்டரியைப் பார்க்க வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு வைத்தியநாதன் சந்தோஷப்பட்டார். நல்ல நேரத்தில்தான் வருகிறார், இந்த அதிசயத்தை அவருக்கும் காட்டலாம் என்றார்.

கம்ப்ரஸர் கொட்டகைக்குப் பின்னால் மாரப்பனை இழுத்துக்கொண்டு போனேன். கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். பனமரத்துப்பட்டியில் அவனுடைய தாய்மாமன் பனை ஏறுகிறவர். சட்டம் வந்ததும் அவருக்குப் பதநீர் மட்டும்தான். ஆனால் நாற்பது வருஷம் சாயங்காலம் ஒரு கலயம் குடித்துப் பழகிய உடம்பு. கையும் காலும் நடுங்க ஆரம்பித்துவிட்டது. நடுங்குகிற காலோடு மரம் ஏற முடியுமா? கள்ளாகப் பானையில் வைத்தால் வாசனை போகும், அடுப்புப் போட்டுக் காய்ச்சினால் புகையும் தெரியும், இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார். மாரப்பன் சனிக்கிழமைப் பாடத்தை நினைத்துப் பார்த்தான். சுண்ணாம்பு தடவாமல் இறக்கிப் புளித்த பதநீரை மூலை டப்பாவில் ஊற்றினான். தண்ணீர் உறைந்து ஓரத்துக்குப் போனது, சரக்கு நடுவில் நின்றது. ஒன்பது மணிக்குக் கைப்பம்பு. வாரத்துக்கு நாலைந்து பாட்டில். மிஞ்சிய ஐஸில் கொஞ்சம் வாசம் இருக்கும். அதை மீன் வண்டிக்கு அனுப்பிவிடுவான். மீனை விடவா அது நாறப்போகிறது.

“ஜெயிலுக்குப் போவியேடா” என்றேன்.

“சட்டத்துல காச்சக் கூடாதுன்னுதானுங்ணா இருக்குது. நா எங்கீங்க காச்சுனேன்? ஒறையத்தான வெச்சேன்” என்றான். சொல்லிவிட்டு அழுதுவிட்டான். அவனுக்கு அப்போது இரண்டு குழந்தைகள்.

நான் யோசித்தேன். யோசித்தது அவனுக்காக மட்டுமில்லை. வெள்ளிக்கிழமை அந்த டப்பாவை விட்டது நான். நாளைக்கு அந்த மூக்கு டேங்கின் மேல் வந்து நின்றால் மாரப்பன் ஜெயிலுக்குப் போவான், ஃபாக்டரியை இழுத்துப் பூட்டுவார்கள், எனக்கு மேஸ்திரி வேலையும் கிடையாது, ஒரு வேலையும் கிடையாது. எல்லாவற்றையும் விட, ஒன்றுமே தெரியாத வைத்தியநாதன் அந்த இன்ஸ்பெக்டரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து மூடியைத் திறந்து காட்டுவார். அதை என்னால் நினைக்க முடியவில்லை. நேரே போய் அவரிடம் சொல்லிவிட்டேன். என் தப்பையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மாரப்பனைக் கூப்பிடச் சொன்னார். மாரப்பன் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“சொல்லு” என்றார்.

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: “டேங்கு பதினெட்டுல நின்னா நடுவுல ஒரு சாண் அகலம் நிக்குமுங்க சாமி. பதினாறுக்கு எறக்குனா ஆறு வெரலு. பதினாலுக்கு வந்தா நாலு வெரலுதான் நிக்கும், ஆனா சுருக்குனு இருக்கும். அதுக்கு மேல எறக்கலாம்னு பாத்தா நம்ம மிசினு தாங்காதுங்க.”

நானாக இருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள் என்றுதான் ஆரம்பித்திருப்பேன்.  வைத்தியநாதன், ஒவ்வொன்றையும் எத்தனை தடவை பார்த்தாய் என்று கேட்டார். மும்மூன்று தடவை என்றான். ஏன் மும்மூன்று? “ஒருக்காப் பாத்துட்டுச் சொன்னா நம்பக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

ஐயா சட்டைப் பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்து, காரணமில்லாமல் துடைத்து, மறுபடி பையில் போட்டுக்கொண்டார். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணிக்குப் போட வேண்டிய பம்பை மூன்று மணியாகியும் இந்த டப்பாவுக்குப் போடவில்லை, ஃபாக்டரியில் இப்போது நடந்துகொண்டிருக்கிற தப்பு அதுதான் என்றார். நடுத்தண்ணீரை எங்கே விட வேண்டும் என்று விதி இருக்கிறதோ அங்கே விடச் சொன்னார். விதிப்படி அது சாக்கடை. மாரப்பன் பம்பு அடித்தான். சாக்கடை வாயில் அது இறங்கும்போது அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். குழியில் நல்ல தண்ணீர் ஊற்றினோம்.

டப்பாவை இப்போதே தூக்கி ஐஸையும் உடைத்துக் கொட்டிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சம்மதிக்கவில்லை. உறைந்து முடியாத ஒன்றை டேங்கிலிருந்து எடுப்பதில்லை, வெள்ளிக்கிழமை ஒரு தரம் எடுத்தது போதும் என்றார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அது உறைந்துவிடும். இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்குத்தானே வருகிறார்.

இன்ஸ்பெக்டர் மறுநாள் எட்டு மணிக்கே வந்துவிட்டார். கூட இரண்டு போலீஸ்காரர்கள், கையில் மாதிரி எடுத்து மெழுகு வைத்து மூடுவதற்கு இரண்டு பாட்டில்கள்.

வாசல் கேட்டில் நின்று தலையைத் திருப்பினார். இடப்பக்கம், வலப்பக்கம். டேங்க் இருக்கும் பக்கம் வந்ததும் தலை நின்றது. நானும் மாரப்பனும் டேங்கின் மேல் நின்றிருந்தோம்.  மூலை டப்பாவில் ஐஸ் உறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஐஸுக்கு வாசம் உண்டு என்று மாரப்பனே சொல்லியிருக்கிறான்.

வைத்தியநாதன் எதிரே போய்க் கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“இந்த ஃபாக்டரியில் உறையாத திரவம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

எங்கள் ஐயா பொய் சொல்ல மாட்டார் என்று முன்னாலேயே எழுதிவிட்டேன். “இருக்கிறது” என்றார். “ஆறு இருக்கிறது. வரிசையாகக் காட்டுகிறேன், வாருங்கள்.”

மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் தெர்மாமீட்டரை எடுத்து அதிலிருந்த பாதரசத்தைக் காட்டினார். அது மைனஸ் முப்பத்தெட்டில் உறையும், ஆனால் இங்கே உறையாது என்றார். இரண்டாவது உப்புக் கரைசல். அது எத்தனை பங்கு உப்புக்கு எத்தனை டிகிரி என்று விவரமாகச் சொன்னார். மூன்றாவது மண்ணெண்ணெய். நாலாவது மெஷின் எண்ணெய். அது குளிரில் கனக்கும், கனத்தால் என்ன ஆகும், போன வருஷம் என்ன ஆயிற்று என்பதையும் சொன்னார். நின்ற இடத்திலேயே நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் டேங்கைப் பார்க்கலாமா என்று கேட்டார். வரிசையில் வரும் என்றார் ஐயா. போலீஸ்காரர் ஒருவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டார்.

“ஐந்தாவது அமோனியா” என்று சொல்லிக் கம்ப்ரஸருக்கு அழைத்துக்கொண்டு போனார். “இது மைனஸ் நூற்றெட்டில் உறையும். இதைக் கண்ணால் பார்க்க முடியாது. வாசனையால்தான் தெரியும். கொஞ்சம் திறந்து காட்டட்டுமா? ஆனால் கடுமையாக இருக்கும், தள்ளி நின்றால் நல்லது.”

எச்சரிக்கை செய்தார். டேங்கிலிருந்து இறங்கி மாரப்பனோடு பின்னாலேயே போயிருந்த நான் அதை என் காதால் கேட்டேன்.

“என் மூக்கு பார்க்காத வாசனை கிடையாது” என்று சொல்லி இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

ஐயா வால்வைக் கால் திருப்புத் திருப்பினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் மட்டும் யாரோ நெஞ்சில் குத்தின மாதிரி பின்னால் போனார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மீசையிலிருந்து சொட்டியது. இருமினார், தும்மினார், கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மாரப்பன் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான். அவர் முகம் கழுவி முடிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. முடித்து நிமிர்ந்தபோது அந்தப் பிரசித்தமான மூக்கு தக்காளிப் பழம் மாதிரி இருந்தது.

“இனி டேங்க்” என்றார் வைத்தியநாதன்.

எல்லா மூடியையும் திறந்து காட்டினார். மூலை டப்பாவையும் அவரே திறந்தார். நடுவில் விரல் நுழையும் அளவு தண்ணீர் இன்னும் பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்தார். மூக்கை டப்பாவுக்குள் விட்டார் என்றே சொல்ல வேண்டும். இழுத்து இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தார். ஐயா தெர்மாமீட்டரை நடுத்தண்ணீரில் விட்டு எடுத்து அவரிடம் நீட்டினார். முப்பத்தொன்றரை.

“தண்ணீர் முப்பத்திரண்டில் உறைய வேண்டும். இது அரை டிகிரி கீழே நிற்கிறது. ஆகையால் சுத்தமான தண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்ஸ்பெக்டர் அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரை டிகிரிக்கெல்லாம் நான் கேஸ் போடுவதில்லை என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டு நடந்தார். ஆறாவது திரவம் விளக்கெண்ணெய், அது பாக்கி இருக்கிறது என்று ஐயா பின்னாலேயே கேட் வரைக்கும் போனார். அது வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். பாட்டில் இரண்டையும் மறந்துவிட்டுப் போனார்கள்.

அந்த வால்வை ஐயா தெரிந்தே திருப்பினாரா, வெறும் பாடமாகத்தான் திருப்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை. மாரப்பன் அவர் காலில் விழப் போனான். அவர் விலகிக்கொண்டு, இனிமேல் அந்த டப்பாவில் குழாய்த் தண்ணீரைத் தவிர ஒரு சொட்டு விழுந்தாலும் நானே போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றார். சொல்லுவார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அதற்கப்புறம் விழவில்லை. பனமரத்துப்பட்டி மாமன் இரண்டு மாதம் மருமகனோடு பேசவில்லை. பிறகு நடுக்கம் தானாக நின்றுபோய், வெல்லப்பானை ஒன்றோடு வந்து சமாதானமானார்.

மாதக் கடைசி வந்தது. பழைய மேஸ்திரிக்கு மாலை போட்டு அனுப்பினோம். மறுநாள் காலை ஐயா எல்லோரையும் கூப்பிட்டு, இன்று முதல் டேங்க் மேஸ்திரி மாரப்பன் என்றார்.

நான் தனியாகப் போய் அவர் அறையில் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவன் செய்த காரியத்தை வந்து சொன்னவன் நான், பாடம் முழுவதையும் தலைகீழாக ஒப்பிக்கிறவன் நான், எனக்கு இல்லாமல் அவனுக்கா என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. “பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன் கந்தசாமி. எல்லோரும் ஒப்பித்தீர்கள். அவன் ஒருத்தன்தான் அளந்து பார்த்தான்” என்றார். பிறகு, “நீ நல்லவன்தான். ஆனால் ஒரு டப்பாவை விட்டுவிட்டாய்” என்றார்.

மாரப்பனுக்குக் கீழே நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. வயதில் மூத்தவன் என்று என்னைக் கடைசிவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டான், தீபாவளிக்கு முதல் பலகாரம் என் வீட்டுக்குத்தான் வரும். காலை ஒன்பது மணிக்கு மட்டும் அவனுக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது. நான் பம்பை எடுத்ததும் எங்கிருந்தாலும் வந்துவிடுவான். கடைசி வரிசை மூலை வரைக்கும் கூடவே நடந்து வந்து, நான் முடித்துவிட்டுக் குழாயைச் சுருட்டும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான்.